ஐந்து ஆறு, ஏழு ஊர்: திருவையாற்றுக் கரைகளில் நான்கு நடைகள்

தஞ்சாவூரில் திருவையாறு பஸ் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்தால் பாலங்களை எண்ணிக்கொண்டே போகலாம். கரந்தைப் பக்கம் வடவாறு, பள்ளியக்ரகாரத்தில் வெண்ணாறு, அதைத் தாண்டி வெட்டாறு, கண்டியூரை ஒட்டிக் குடமுருட்டி, திருவையாற்று வாசலில் காவிரி. 12, 13 கிலோமீட்டருக்குள் ஐந்து ஆறுகள் வந்து போய்விடும். வழியில் ஏற்றம் என்று ஏதாவது இருந்தால், அது பாலத்துக்கு ஏறும் சாலைதான்.

மலை ஏறிப் பழக்கமில்லாதவர்கள், முழங்கால் வலிக்குப் பயந்தவர்கள், பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு கிளம்புகிறவர்கள் எல்லாருக்கும் இந்தச் சமவெளி தோதானது. மூச்சு வாங்காது. இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு ஓர் ஊர், ஊருக்கு ஒரு கோயில், கோயிலுக்கு எதிரே ஒரு டீக்கடை. களைத்துப் போனால் பாதியில் நிறுத்திவிட்டு பஸ்ஸுக்குக் கை காட்டலாம்.

ஆனால் ஒரு விஷயம். நடப்பவர்களுக்கென்று அம்புக்குறி போட்ட பலகையோ வண்ணம் பூசிய கல்லோ இங்கே கிடையாது. செல்போன் வரைபடத்தில் சாலை தெரியும், கரைத்தடம் பல இடங்களில் தெரியாது. வழி தவறாமல் இருக்க மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்திருந்தால் போதும்: இது எந்த ஆறு, நிற்பது எந்தக் கரை, தண்ணீர் வந்துவிட்டதா? மூன்றாவது கேள்விதான் முக்கியம். ஒரே பாதை ஆடியில் ஒரு நடை, சித்திரையில் வேறொரு நடை.

ஆறுகளின் உறவுமுறை

எல்லாம் ஒரே தாயின் பிள்ளைகள். திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. அங்கே மேலணை கட்டப்பட்டது 1836-இல், ஆர்தர் காட்டனின் திட்டப்படி. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் ஷட்டர்கள் அடித்துக்கொண்டு போனதாகச் செய்தியில் பார்த்தோமே, அதே அணைதான். ஸ்ரீரங்கத்தைச் சுற்றிக்கொண்டு வரும் தண்ணீரைக் கிழக்கே கல்லணை மறுபடியும் பங்கு போடுகிறது. கரிகாலன் பெயர் சொல்லும் அந்த அணையிலிருந்து காவிரி ஒரு பக்கம், வெண்ணாறு ஒரு பக்கம், கல்லணைக் கால்வாய் ஒரு பக்கம். தஞ்சாவூர்க்காரர்கள் இன்றும் ‘புதாறு’ என்று சொல்லும் இந்தக் கால்வாய் மேட்டூர் அணையோடு சேர்த்துத் திட்டமிட்டு வெட்டப்பட்டது. அணை முடிந்த 1934-ஐ ஒட்டித்தான் இதுவும் முடிந்தது. மற்ற ஆறுகளோடு ஒப்பிட்டால் இது நேற்றுப் பிறந்த பிள்ளை.

இனி நம் ஐந்தாறுகள். திருக்காட்டுப்பள்ளியில் காவிரியிலிருந்து குடமுருட்டி கிளம்புகிறது. தென்பெரம்பூர் தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து வெட்டாறும் வடவாறும் பிரிகின்றன. ஆக, திருவையாற்றிலிருந்து தெற்கே வரும் ஒருவர் முதலில் காவிரிக் குடும்பத்தின் இரண்டு ஆறுகளையும், பிறகு வெண்ணாற்றுக் குடும்பத்தின் மூன்றையும் கடக்கிறார். இந்த வரிசை மனதில் இருந்தால், எந்த வயலுக்கு நடுவில் நின்றாலும் நாம் எங்கே நிற்கிறோம் என்பது ஏறத்தாழத் தெரிந்துவிடும்.

இன்னொரு வசதியும் உண்டு. எல்லா ஆறும் பொதுவாக மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. காலையில் மேற்கு நோக்கி, அதாவது ஓட்டத்துக்கு எதிராக நடந்தால் வெயில் முதுகில்தான் விழும். மாலையில் கிழக்கு நோக்கி நடந்தால் அப்போதும் முதுகில்தான். கண் கூசாமல் பறவை பார்க்கவும் படம் எடுக்கவும் இதைவிட எளிய உபாயம் இல்லை. கீழே உள்ள நடைகள் இந்தக் கணக்கில்தான் பிரிக்கப்பட்டிருக்கின்றன.

மேட்டூர்க் காலண்டர்

டெல்டாவில் வருஷம் ஜனவரியில் பிறப்பதில்லை. மேட்டூர் திறக்கும் நாளில் பிறக்கிறது. வழக்கமான தேதி ஜூன் 12. மூடுவது ஜனவரி 28. வழக்கம்தானே தவிர உறுதி இல்லை. அணையில் தண்ணீர் நிறைந்திருந்ததால் 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். 2024-இல் ஜூலை 28 வரை காக்க வேண்டியிருந்தது. திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர மூன்று நான்கு நாள் ஆகும். அங்கே பூவும் நெல்மணியும் தூவி மதகைத் திறந்த பிறகுதான் திருவையாற்றுப் படித்துறை நனையும்.

முதல் தண்ணீரைப் பார்க்கக் கிடைத்தவர்கள் அதை மறப்பதில்லை. தெளிந்த நீராக அது வருவதில்லை. வறண்ட மணலின் மேல் பழுப்பு நுரை ஒரு முழ உயரத்துக்குச் சுருண்டு வரும். அதன் முன்னால் சருகு, சுள்ளி, உடைந்த பிளாஸ்டிக் பாட்டில், காய்ந்த மாலை. ஐந்து மாதம் ஊர் ஆற்றில் போட்டது எல்லாம் வரிசை கட்டிப் போகும். மணல் தண்ணீரைக் குடிக்கும் சத்தம் கரையில் நிற்பவருக்குக் கேட்கும். நுரைக்கு முன்னால் தாவி ஓடும் பூச்சிகளைப் பிடிக்கக் கொக்குகள் கூடவே நடந்து வரும்.

நடப்பவர்களுக்கு இந்தக் காலண்டர் சொல்வது இதுதான்:

ஜூன் பிற்பகுதி முதல் செப்டம்பர் வரை ஆற்றில் தண்ணீர், வயலில் குறுவை. ஆடிப்பெருக்கன்று படித்துறைகளில் நிற்க இடம் இருக்காது. முளைப்பாரி, காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு, சித்ரான்னம் என்று ஊரே ஆற்றில் இருக்கும். நடைக்கு அது தோதான நாள் இல்லை, பார்ப்பதற்கு அதைவிட நல்ல நாளும் இல்லை.

அக்டோபர் முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை வடகிழக்குப் பருவமழை. கரை களிமண் சேறாகி வழுக்கும். சம்பா நடவு பார்க்க ஆசைப்பட்டால் தார்ச்சாலையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மார்கழியும் தையும் பொற்காலம். காலையில் பனி, ஆற்றில் தண்ணீர், வயலில் முற்றும் கதிர். அறுவடை முடிந்ததும் அதே ஈரத்தில் உளுந்தும் பயறும் முளைத்துவிடும்.

மாசி தொடங்கி வைகாசி வரை ஆறு மணல்வெளி. பங்குனி பாதிக்குப் பிறகு காலை 9 மணிக்குள் முடியும் நடைகளை மட்டுமே வைத்துக்கொள்ள வேண்டும்.

கரை என்பது பாதை

வயலைவிடக் கரை உயரம். அதனால் கரைமேல் நடப்பவருக்கு ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் கண்ணுக்கு எட்டிய வரை பச்சை. நீர்வளத் துறையின் ஜீப் போக வர அகலமாக விட்ட கரைகளும் உண்டு, ஓர் ஆள் மட்டும் போகக்கூடிய ஒற்றையடித் தடங்களும் உண்டு. வயல் வரப்பு வேறு: அது ஒருவரின் சொத்து. மழைக்காலத்தில் புதிதாக அண்டை வெட்டிய வரப்பை மிதித்து உடைத்தால், திட்டு வாங்குவது நியாயம்தான்.

கொஞ்சதூரத்துக்கு ஒருமுறை கரையின் அடியில் ஒரு மதகு எதிர்ப்படும். நின்று பார்க்கலாம். செங்கல்லோ கான்கிரீட்டோ வைத்துக் கட்டிய தொட்டி மாதிரி ஒரு வாய், அதன் மேல் இரும்புச் சட்டம், சட்டத்தில் மரை போட்ட கம்பி, கம்பியின் அடியில் பலகை. கம்பியைத் திருகினால் பலகை விரற்கடை விரற்கடையாக மேலே ஏறும். ஆற்றுத் தண்ணீர் வாய்க்காலுக்கு இறங்கும். மோட்டார் கிடையாது. ஆற்றின் மட்டம் மேலே, வயல் கீழே, அவ்வளவுதான் சூத்திரம். சாவி, மதகைத் திறந்து மூடும் ஊழியரான லஸ்கரிடம் இருக்கும். முழங்காலுக்கு மேல் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு சைக்கிளிலோ மொபெட்டிலோ கரையோடு வரும் லஸ்கரைப் பார்த்தால், அவரிடம் வழி கேட்கலாம். எந்தத் தடம் எங்கே போய் முட்டும், எந்தப் பாலம் உடைந்திருக்கிறது, எங்கே மணல் குழி என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி.

நடை 1: திருவையாறு முதல் தில்லைஸ்தானம் வரை
(காலை, காவிரியின் வடகரை, சுமார் 2 கிலோமீட்டர்)

முதல்முறை வருகிறவர்கள் இதில் தொடங்கலாம். ஐயாறப்பர் கோயிலிலிருந்து தெற்கே வந்தால் புஷ்ய மண்டபப் படித்துறை. தண்ணீர் இருக்கும் காலத்தில் காலை 6 மணிக்கே துணி துவைக்கும் சத்தமும் தர்ப்பணம் செய்பவர்களின் முணுமுணுப்பும் சேர்ந்து கேட்கும். காவிரிக்கரையிலேயே தியாகராஜரின் சமாதி. 1847-இல் அவர் மறைந்த பிறகு கவனிப்பாரற்றுக் கிடந்த இடத்தில் தன் சொந்தப் பணத்தைப் போட்டு இன்றைய கட்டடத்தை எழுப்பியவர் பெங்களூர் நாகரத்னம்மா. 1952-இல் காலமான அவருக்கும் அங்கேயே, தியாகராஜர் சன்னிதியைப் பார்த்தபடி, நினைவிடம் இருக்கிறது. தை மாதத்தை ஒட்டி வரும் ஆராதனை நாட்களில் பந்தலும் கூட்டமும் வாகனமுமாக இருக்கும். பாட்டுக் கேட்க வருகிறவர்கள் அப்போது வரட்டும், நடக்க வருகிறவர்கள் ஒரு வாரம் தள்ளி வரலாம்.

அங்கிருந்து மேற்கே நடந்தால் தில்லைஸ்தானம். தேவாரத்தில் திருநெய்த்தானம். தியாகராஜரின் சீடர் பரம்பரைகளில் ஒன்று இந்த ஊரின் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. இரண்டு கிலோமீட்டர்தான் என்றாலும் ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் மீன்கொத்திக்கும், பாறை மாதிரி அசையாமல் நிற்கும் நாரைக்கும் நேரம் கொடுக்காமல் போவதானால் பஸ்ஸிலேயே போய்விடலாம்.

நடை 2: திருவையாறு – திருப்பழனம் – திங்களூர்
(மாலை, வடகரை, 6 கிலோமீட்டருக்குள்)

கும்பகோணம் சாலை காவிரியின் வடகரையோடு கிழக்கே போகிறது. நான்கு கிலோமீட்டருக்குள் திருப்பழனம். பஸ்ஸும் லாரியும் ஓடும் சாலை என்பதால், கரைக்கு இறங்கும் தடம் கிடைக்கும் இடங்களில் எல்லாம் இறங்கிவிடுவது உத்தமம். சாலையில் நடந்தாக வேண்டிய இடங்களில் வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி நடக்க வேண்டும். இருபுறமும் வாழை. இடையிடையே வெற்றிலைக் கொடிக்கால்: வரிசை வரிசையாக அகத்தி, அதைப் பற்றி ஏறிய கொடி, உள்ளே பகலிலும் மங்கிய வெளிச்சம். கேட்காமல் உள்ளே போகக் கூடாது. உள்ளே கூப்பிட்டால் செருப்பை வெளியே விட்டுவிட்டுப் போவது மரியாதை.

திருப்பழனத்திலிருந்து வடக்கே பிரியும் ஊர்ச்சாலை திங்களூருக்குப் போகிறது. நவக்கிரக யாத்திரை வருகிறவர்களுக்கு இது சந்திரன் தலம். நடக்கிறவர்களுக்கு நெருக்கமான கதை வேறு. பெரியபுராணத்தின் அப்பூதியடிகள் இந்த ஊர்க்காரர். திருநாவுக்கரசரை நேரில் பார்க்காமலேயே அவர் பெயரில் தண்ணீர்ப்பந்தல் வைத்தவர். வெயிலில் நடந்து வந்த நாவுக்கரசர் அந்தப் பந்தலில் தன் பெயரையே கண்டு, யார் வைத்தது என்று விசாரித்துத்தான் அவர் வீட்டுக்குப் போகிறார். திரும்பும்போது திருப்பழனம் வந்து கும்பகோணம்–திருவையாறு பஸ்ஸைப் பிடிக்கலாம்.

நடை 3: கண்டியூர் முதல் திருப்பூந்துருத்தி வரை
(காலை; குடமுருட்டியை ஒட்டி; சுமார் 3 கிலோமீட்டர்)

கண்டியூரில் பஸ்ஸை விட்டு இறங்கினால் சிவன் கோயிலும் பெருமாள் கோயிலும் அருகருகே. ஒன்று அட்ட வீரட்டானங்களில் சேர்ந்தது, மற்றொன்று 108 திவ்யதேசங்களில் ஒன்று. இரண்டையும் பார்த்துவிட்டுத் திருக்காட்டுப்பள்ளி சாலையில் மேற்கே திரும்ப வேண்டும். குடமுருட்டி பக்கத்திலேயே வரும். காவிரியைவிட ஒடுங்கிய ஆறு. மரங்கள் நெருக்கம், நிழல் அதிகம், எதிர்க்கரையில் பேசுகிறவர்களின் குரல்கூடக் கேட்கும். பங்குனி, சித்திரையிலும் கொஞ்சம் தைரியமாக நடக்கக்கூடிய பாதை இதுதான்.

திருப்பூந்துருத்தியில் திருநாவுக்கரசர் மடம் அமைத்துத் தங்கியிருந்தார். தன்னைப் பார்க்க வந்த ஞானசம்பந்தரின் பல்லக்கைக் கூட்டத்தோடு கூட்டமாகத் தானும் தோளில் தாங்கி வந்தது இங்கேதான் என்கிறது பெரியபுராணம். ‘கிருஷ்ணலீலா தரங்கிணி’ பாடிய நாராயண தீர்த்தருக்கும் இந்த ஊரில் சமாதி உண்டு. கோயில் நடை நண்பகலை ஒட்டிச் சாத்தினால் மாலை 4 மணிக்குமேல்தான் திறப்பார்கள். அதனால் காலை 7 மணிக்குக் கண்டியூரை விட்டுவிட வேண்டும்.

நடை 4: ஏழூர்ச் சுற்று
(இரண்டு நாள், பழகியவர்களுக்கு)

இந்தச் சுற்றை யாரும் புதிதாக வகுக்க வேண்டியதில்லை. சித்திரையில் நடக்கும் சப்தஸ்தானப் பெருவிழாவில் ஐயாறப்பர் பல்லக்கு போகும் பாதைதான் இது: திருவையாறு, திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, திருநெய்த்தானம். கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள திருமழபாடியில் பங்குனியில் நந்திக்குக் கல்யாணம் நடக்கும். அதற்குப் பழமும் சோறும் பூவும் நெய்யும் வேதியர்களும் அனுப்பிய ஊர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு வரும் பயணம் என்பது ஐதிகம். ஒவ்வோர் ஊரிலும் அந்த ஊர்ப் பல்லக்கும் சேர்ந்துகொள்ளும். மறுநாள் ஏழு பல்லக்குகளும் திருவையாறு திரும்ப, பொம்மை ஒன்று பல்லக்குகளுக்குப் பூப்போடுவதோடு விழா முடியும்.

பல்லக்கு ஏன் சித்திரையில் போகிறது என்பதற்கு ஐதிகத்தில் ஒரு காரணம் இருக்கலாம். நடப்பவர் கண்ணுக்குத் தெரிவது வேறொன்று: அப்போதுதான் ஆறு வற்றியிருக்கும். திருப்பழனத்திலிருந்து திருச்சோற்றுத்துறைக்குப் போகக் காவிரியையும் குடமுருட்டியையும் கடக்க வேண்டும். மணலில் இறங்கி ஏறினால் குறுக்குவழி. ஆற்றில் தண்ணீர் இருந்தால் பாலம் தேடிச் சுற்ற வேண்டும். ஆக, இந்த நடைக்கு மாசியும் பங்குனியின் முதல் பாதியும் தோதான காலம். தண்ணீர் நின்றிருக்கும், வெயில் ஏறியிருக்காது.

முதல் நாள் திருவையாற்றிலிருந்து கிளம்பித் திருப்பழனம், சோற்றுத்துறை, வேதிகுடி வழியாகக் கண்டியூர் வந்து, பஸ்ஸில் தஞ்சாவூரோ திருவையாறோ போய்த் தங்கலாம். மறுநாள் கண்டியூரில் விட்ட இடத்திலிருந்து பூந்துருத்தி, தில்லைஸ்தானம், திருவையாறு. சோற்றுத்துறைக்கும் வேதிகுடிக்கும் பஸ் குறைவு, கடையும் குறைவு. மதியச் சாப்பாட்டைக் கையோடு கட்டிக்கொண்டு போக வேண்டும்.

விழா நாளிலேயே பல்லக்கோடு நடக்க விரும்புகிறவர்கள் அதை வேறு கணக்கில் வைக்க வேண்டும். கூட்டம் அதிகம், வேகம் பல்லக்கின் வேகம், மணல் சுடும். ஆனால் அன்றைக்குத் தெருவுக்குத் தெரு நீர்மோரும் பானகமும் கிடைக்கும்.

பையிலும் மனதிலும் இருக்க வேண்டியவை

ஒரு லிட்டர் தண்ணீர், தொப்பி அல்லது குடை, ஒரு துண்டு, கொஞ்சம் சில்லறை. கோயில்களில் கழற்றி மாட்ட எளிதான, விரல் மூடிய செருப்பு ஷூவைவிடத் தோது. வெறுங்காலோடு கரையில் நடக்க வேண்டாம். கருவேல முள் ரப்பரையே துளைத்துவிடும்.

வற்றிய ஆறு பார்க்கச் சாதுவாக இருக்கும். மணல் அள்ளிய குழிகள் அதில் ஆங்காங்கே உண்டு, சிலவற்றில் தண்ணீர் தேங்கியும் இருக்கும். தண்ணீர் ஓடும் காலத்தில் அதே குழிகள் கண்ணுக்குத் தெரியாது. பழகாத துறையில் குளிக்கவே கூடாது, ஊர்க்காரர்கள் குளிக்கும் படித்துறையிலும் கடைசிப் படிக்குக் கீழே இறங்கக் கூடாது. மேட்டூரிலிருந்து உபரிநீர் திறக்கிறார்கள், கரையோர மக்களுக்கு எச்சரிக்கை என்று செய்தி வந்தால், அந்த வாரம் ஆற்றுப் பக்கமே போக வேண்டாம்.

அறுவடைக் காலத்தில் எலி வயலை விட்டுக் கரைக்கு வரும். எலிக்குப் பின்னால் பாம்பு. புல் மண்டிய தடத்தில் ஒரு கம்பைத் தட்டிக்கொண்டே நடக்கலாம். இருட்டிய பிறகு டார்ச் இல்லாமல் கரையில் கால் வைக்கக் கூடாது. கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது என்று நேரத்தைக் கடத்தாமல் 108-ஐ அழைக்க வேண்டும். பெரிய மருத்துவமனை என்றால் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

படித்துறையில் குளிப்பவர்களையும் கரையில் காரியம் செய்பவர்களையும் படம் எடுப்பது கூடாது. நடவில் நிற்கும் பெண்களைக் கேட்டுவிட்டு எடுக்கலாம். பல சமயம் அவர்களே, “எங்களை மட்டும் எடுத்தா எப்படி, சேத்துல எறங்கி நீங்களும் ரெண்டு முடி நட்டுட்டுப் போங்க” என்பார்கள்.

சாப்பாடும் திரும்பும் வழியும்

கிராமத்து டீக்கடைகளில் காலை 7 மணியிலிருந்து இட்லியும் 10 மணிவாக்கில் வடையும் கிடைக்கும். மதியச் சாப்பாட்டுக்குத் திருவையாறு வந்துவிடுவது நல்லது. இந்த ஊரின் இனிப்பு அசோகா: பாசிப்பருப்பை வேகவைத்துச் சர்க்கரையும் நெய்யும் விட்டுக் கிளறியது. சூடாக, வாழை இலைத் துண்டில் வாங்கி நின்றபடியே சாப்பிடுவார்கள். பார்சல் வாங்கினால் அன்றே சாப்பிட்டுவிட வேண்டும்.

திருவையாற்றிலிருந்து தஞ்சாவூருக்கு இரவு வரை பஸ் உண்டு. கும்பகோணம் சாலையிலும் பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. கண்டியூருக்கு மேற்கேயும் கிழக்கேயும் உள்ள ஊர்களில்தான் இடைவெளி அதிகம். நடையைத் தொடங்குவதற்கு முன்பே, போய்ச் சேரும் ஊரின் கடைசி பஸ் எப்போது என்று பெட்டிக்கடையில் கேட்டுவைத்துக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடம் விடும் நேரத்து பஸ்ஸில் ஏற இடம் கிடைக்காது. அதற்கு முந்தைய பஸ்ஸையோ அடுத்த பஸ்ஸையோ கணக்கில் வைக்கலாம்.